எம்.ஜி.ஆர். படம் யாருடைய படம்?

பழைய படங்களை இணையத்தில் விற்கிறேன் என்று சொன்னால் மட்டக்களப்பில் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது: "இதையெல்லாம் யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?" ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிற நம்மவர்கள் வாங்குகிறார்கள். சென்னையில் சினிமாப் பொருள் சேர்ப்பவர்கள் வாங்குகிறார்கள். தமிழே தெரியாத அமெரிக்கக் கிழவர்கள் சிலரும் வாங்குகிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எம்.ஜி.ஆர். படத்தை விற்றால் அவருடைய ஆட்கள் வழக்குப் போடமாட்டார்களா?"

வழக்குப் போடக்கூடியவர் ஒருவர் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவர் எம்.ஜி.ஆருடைய ஆள் அல்லர். படத்தில் முகம் தெரிகிறவருக்கும் அந்தப் படத்தின் பதிப்புரிமைக்கும் இடையே நாம் நினைக்கிற அளவு உறவு இல்லை. உரிமை, கமராவுக்குப் பின்னால் நின்றவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெயரைத்தான் யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் வருகிற எல்லாச் சிக்கலும் இந்த ஓர் இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கிறது.

என் கைக்கு வருகிற சரக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து திரையரங்குகளுக்கு விளம்பரத்துக்காக வந்த சினிமாக் காட்சிப் படங்கள் ஒரு வகை. படப்பெட்டியோடு வந்து, படம் திரும்பிப் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவை. பத்திரிகைகளுக்கு எடுத்த படங்கள் இன்னொரு வகை. 1965-இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது எடுத்தவை என்று சொன்னால் விலை ஏறும். அப்படிச் சொல்லப்படுகிறவற்றில் பாதி வேறெங்கோ எடுத்தவை. மூன்றாவது வகைதான் எனக்குப் பிரியமானது: நம்மூர் ஸ்டூடியோக்களில் எடுத்த படங்கள். நாடகத்துக்கு வந்த நடிகர், கச்சேரிக்கு வந்த வித்துவான், தேர்தலுக்கு வந்த தலைவர், இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் என்று யார் யாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இவை எஞ்சியிருப்பதே பெரிய காரியம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பில் கூரை போகாத ஸ்டூடியோ எது? பிறகு யுத்தம், இடப்பெயர்வு. 2004 டிசம்பரில் கடல் வந்து கல்லடியிலும் நாவலடியிலும் வீட்டோடு அல்பங்களையும் கொண்டுபோனது. தப்பியவற்றை வாவிக்காற்றும் பூஞ்சணமும் பார்த்துக்கொள்கின்றன. நெகட்டிவ்கள் அநேகமாக எங்கும் இல்லை. ஸ்டூடியோவின் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் அதைவிட இல்லை. ஒரு படத்தை யார், எப்போது, யாருக்காக எடுத்தார் என்பதற்கு இன்று இருக்கிற ஒரே சாட்சி அதன் பின்பக்கம். மங்கிய ஊதா முத்திரை, பென்சிலில் எழுதிய இலக்கம், சில வேளை ஒரு திகதி.

அந்தப் பின்பக்கத்தைத்தான் நம்மவர்கள் முதலில் அழிக்கிறார்கள். காத்தான்குடியில் பழைய கடதாசி வாங்கி விற்கும் ஒரு காக்கா இருக்கிறார் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்). அவரோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம், அதே அளவு சண்டை. அல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்தெடுத்து, பின்னால் ஒட்டிய கறுப்புக் கடதாசியைச் சுரண்டி, முத்திரை அரைகுறையாகத் தெரிந்தால் அதையும் ஈரத்துணியால் துடைத்து, ஓரத்தை நேராக வெட்டிக் கொண்டுவருவார். "துப்புரவாக இருந்தால்தானே தம்பி விலை போகும்" என்பது அவர் வாதம். "காக்கா, நீங்கள் துடைத்தது அழுக்கில்லை, அது படம் எடுத்தவருடைய பெயர்" என்று நான் சொல்லாத மாதம் இல்லை. இப்போது முத்திரையுள்ள படங்களைத் தொடாமல் கொண்டுவருகிறார். நியாயத்துக்காக அல்ல, முத்திரையுள்ள படத்துக்கு நான் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்பதற்காக.

சரி, கையில் இருக்கிற பழைய அச்சை, அதாவது தாளில் எடுத்த அந்தப் படத்தை, விற்கலாமா? விற்கலாம். தேங்காயை விற்றவன் தென்னையை விற்கவில்லை. சட்டப்படி உருவான ஓர் அச்சு முறையாக உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்தக் காகிதத்தை நீங்கள் இன்னொருவருக்கு விற்பதைப் படமெடுத்தவர் தடுக்க முடியாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. பழைய புத்தகக் கடைகள் நடப்பதும் இதே நியாயத்தில்தான். அமெரிக்கப் பத்திரிகைகள் தங்கள் படக் களஞ்சியங்களைக் கட்டுக்கட்டாக விற்று, அந்த அச்சுகள் ஈபே என்ற இணையச் சந்தையில் தினமும் கைமாறுவதும் அப்படியே.

விற்கக்கூடாதது அந்த அச்சிலிருந்து நீங்கள் உண்டாக்கும் அடுத்த அச்சு. ஸ்கான் செய்து, திருகோணமலை வீதியில் ஒரு கடையில் பளபளப்பான தாளில் அடித்து, "அரிய படம்" என்று பத்துப் பேருக்கு விற்பது வேறு காரியம். "இருநூறு நட்சத்திரப் படங்கள், தரவிறக்கம் செய்து கொள்ளுங்கள்" என்று விற்பதும் அதுவே. அங்கே காகிதம் கைமாறவில்லை, பிரதி பெருகுகிறது. பிரதி பெருக்கும் உரிமைதான் பதிப்புரிமையின் முதல் உரிமை. ஈபேயில் உரிமையாளர்கள் முறைப்பாடு செய்வதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. முறைப்பாடு வந்தால் பொருள் பட்டியலிலிருந்து நீங்கும். தொடர்ந்து வந்தால் கணக்கே போகும். இங்கிருந்து ஒரு கணக்கைத் திறந்து, நம்பிக்கை சேர்த்து, பணம் வரும் வழியையும் ஒழுங்குசெய்வதற்குள் படும் பாட்டை அறிந்தவர்கள் இருபது டொலருக்காக அதைப் பணயம் வைக்கமாட்டார்கள்.

பிரபலங்களின் படத்துக்கு உரிமை யாருக்கு என்ற சண்டை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களைக் கமராவில் பிடித்த ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் தன் கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து, 1879-இல் இங்கேதான் இறந்தார். பிரித்தானியாவில் ஒளிப்படத்துக்குப் பதிப்புரிமை தந்த சட்டம் 1862-இல் வந்தது. அந்த அம்மையார் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தன் படங்களை அந்தச் சட்டப்படி பதிவு செய்து வைத்தார். கலை மனம் படைத்தவர்தான், ஆனால் கணக்கும் தெரிந்தவர். டார்வினின் முகம் விலை போகும், அந்த விலை தனக்கு வரவேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

அடுத்தது எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டு. 1882-இல் நியூயோர்க்கில் நெப்போலியன் சரோனி என்பவர் வைல்டைப் படமெடுத்தார். ஓர் அச்சகம் கேட்காமலே அதை எடுத்து 85,000 பிரதி அடித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கமரா ஓர் இயந்திரம், முன்னால் இருப்பதை அது பதிகிறது, இதில் ஆக்கியோன் யார் என்பது அச்சகத்தின் வாதம். எப்படி உட்காரவேண்டும், என்ன உடுத்தவேண்டும், வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று தீர்மானித்தவர் சரோனி, ஆகவே ஆக்கியோன் அவரே என்று 1884-இல் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு முழுவதிலும் வைல்டு ஒரு தரப்பே அல்லர். அத்தனை பிரதியிலும் இருந்தது அவர் முகம், உரிமை சரோனிக்கு. எம்.ஜி.ஆர். கேள்விக்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

இனிக் காலக்கணக்கு. இங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள், படித்தவர்கள் உட்பட.

இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியோன் வாழும் காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. பதிவு தேவையில்லை, படம் உருவானதுமே உரிமையும் உருவாகிவிடுகிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947-இல் மறைந்தார். எழுபதைக் கூட்டினால் 2017. ஆகவே அடிகளாருடைய படங்கள் இப்போது பொதுச் சொத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு பாடசாலை விழாவில் மேடையிலேயே ஒருவர் சொல்லக் கேட்டேன். 2017-உடன் முடிந்தது அடிகளார் எழுதியவற்றின் காலம். அடிகளாரைப் படமெடுத்தவரின் காலம் வேறு கணக்கு. அந்த ஆள் யார், எப்போது எடுத்தார், எப்போது இறந்தார் என்று தேடாமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எடுத்தவர் யாரென்று தெரிந்தால் கணக்கு எவ்வளவு சுலபம் என்பதற்குக் கொழும்பு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் உதாரணம். 1944-இல் இறந்தார், எழுபது கூட்டினால் 2014. முடிந்தது. எதிர்ப்பக்கத்தில், ஒரு பாடகரை 1985-இல் படமெடுத்து, 2010-இல் இறந்துபோன ஸ்டூடியோக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கு 2080 வரை உரிமை இருக்கிறது. அவர்களில் எவருக்கும் அது தெரிந்திருக்காது.

பிரித்தானியர் காலத்துப் படங்களுக்கு இன்னொரு திருப்பம். 1979-இல் நமக்கென்று ஒரு சட்டக்கோவை வரும்வரை, 1911-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டந்தான் இங்கே நடந்தது. அதன்படி ஒளிப்படத்துக்கு நெகட்டிவ் உண்டான நாளிலிருந்து 50 ஆண்டு. 1920-இல் எடுத்த நெகட்டிவின் காலம் 1970-இல் முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் காலத்துப் படம் வந்தால் எனக்கு நிம்மதி. அதே சட்டம் இன்னொன்றும் சொன்னது: யாராவது காசு கொடுத்துத் தன் படத்தை எடுக்கச் சொன்னால், வேறு உடன்படிக்கை இல்லாதபோது உரிமை காசு கொடுத்தவருக்கு. ஆக, அந்த நாளில் ஒரு பெரிய மனிதர் ஸ்டூடியோவுக்குப் போய் ரூபாய் கொடுத்து உட்கார்ந்தாரா, அல்லது கடைக்காரர் "ஐயா, கண்ணாடியில் மாட்டிவைக்க ஒரு படம் தாருங்கள்" என்று கெஞ்சி இலவசமாக எடுத்தாரா என்பதைப் பொறுத்து உரிமை ஆள் மாறும். அதைச் சொல்லக்கூடிய பற்றுச்சீட்டுப் புத்தகம் சூறாவளியோடு போயிற்று.

இந்தியப் படங்களுக்கு வாருங்கள். 2012 வரை அங்கே ஒளிப்படத்துக்கென்று தனி விதி இருந்தது: வெளியானதிலிருந்து 60 ஆண்டு. எண்ணுவதற்குச் சுலபம். 1965-இல் வெளியான காட்சிப்படம் என்றால் 2025-உடன் தீர்ந்திருக்கும். 2012 திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டு, எடுத்தவரின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டும் என்று ஆக்கிவிட்டது. ஒளிப்படக்காரர்களை ஓவியர்களுக்குச் சமமாக மதித்தது நல்ல காரியமே. ஆனால் 1965-இல் வாகினியிலோ ஏவி.எம்.மிலோ ஒரு படப்பிடிப்பில் காட்சிப்படம் எடுத்தவர் எப்போது இறந்தார் என்று கல்லடியில் இருந்துகொண்டு நான் எங்கே போய் விசாரிப்பேன்? அதோடு அவர் தயாரிப்பாளரிடம் கூலிக்கு எடுத்தவர் என்றால் உரிமை தயாரிப்பாளருக்குப் போயிருக்கும். அந்தக் கம்பனி மூன்று கைமாறி, கடைசிக் கை யாரென்று யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

நம்மவர் ஒருவரின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 2014-இல் மறைந்தார். அவர் தமக்கென்று எடுத்த ஒளிப்படங்களுக்கு இந்தியச் சட்டப்படி 2074 வரை உரிமை உண்டு. அவரை மற்றவர்கள் எடுத்த படங்களுக்கு இந்த எண் உதவாது. இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உடனே புரிகிறது. அடிகளார் உதாரணத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

அமெரிக்காவைப் பற்றி ஒரு வதந்தி விற்பனையாளர்களிடையே உலவுகிறது: "பழைய படத்தில் பதிப்புரிமைக் குறியும் பெயரும் இல்லாவிட்டால் அது பொதுச் சொத்து." இது பாதி உண்மை. 1989 மார்ச் வரை அங்கே வெளியான படத்துக்கு அந்த அறிவிப்புத் தேவைப்பட்டது. பழையவற்றுக்கு 28 ஆண்டு முடிவில் புதுப்பிப்பும் தேவைப்பட்டது. ஹொலிவுட் கம்பனிகள் விளம்பரப் படங்களை அறிவிப்பில்லாமல் ஆயிரக்கணக்கில் வாரி இறைத்ததால் அவற்றில் பல பொதுவாகிவிட்டன. ஆனால் அதே அமெரிக்கா, வெளிநாட்டுப் படைப்புகள் 1996 ஜனவரி 1 அன்று தம் சொந்த நாட்டில் உயிரோடு இருந்தால், இழந்த உரிமையை மீட்டுக் கொடுத்தது. சென்னைப் படத்துக்கோ கொழும்புப் படத்துக்கோ ஹொலிவுட் நடிகை மரிலின் மன்றோ படத்தின் சலுகை தானாக வராது.

மன்றோ என்றதும் முகத்துக்கு உரிமையே இல்லையா என்ற கேள்வி வருகிறது. இருக்கிறது, அது பதிப்புரிமை அல்ல, வேறு சட்டம். ஒருவரின் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை கலிபோர்னியாவில் இறந்த பிறகும் 70 ஆண்டு தொடரும். மன்றோவின் வாரிசுகள் அதைக் கேட்டுப் போனார்கள். 1962-இல் அவர் இறந்தது கலிபோர்னியாவில்தான். ஆனால் அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் கலிபோர்னியாவின் வரிக்குத் தப்ப, அவர் நியூயோர்க்வாசி என்று அந்த நாளில் சொல்லியிருந்தார்கள். வரிக்கு நியூயோர்க், உரிமைக்குக் கலிபோர்னியாவா என்று கேட்டு, 2012-இல் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. எதிர்த்தரப்பில் நின்றது மன்றோவைப் படமெடுத்த ஒருவரின் களஞ்சியம். நம் பக்கத்தில், ரஜினிகாந்தின் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய ஒரு படத்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஜெயலலிதா பற்றிய வழக்கில் 2021-இல் அதே நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் இறந்தபின் வாரிசுச் சொத்தாக இறங்குவதில்லை என்றது. பழைய அச்சு ஒன்றை அச்சாகவே விற்கிறவனை இவை அநேகமாகத் தொடாது. அதே முகத்தைக் குவளையிலும் ரீசேட்டிலும் முச்சக்கரவண்டி ஸ்டிக்கரிலும் அடிக்கிறவனைத் தொடும். நம்மூரில் எவரும் அடிப்பதை நிறுத்தப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

வர்ணம் பூசுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் போட்டு வர்ணமாக்கி, "இது என் படைப்பு" என்று விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பிரின்ஸ் என்ற பாடகரை 1981-இல் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த படத்தின்மேல் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் அண்டி வோர்ஹோல் வர்ணம் ஏற்றினார். அந்த ஓவியம் ஒன்றைச் சஞ்சிகை ஒன்றுக்குக் கொடுத்த விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் ஏழுக்கு இரண்டு என்று கோல்ட்ஸ்மித் வென்றார். வோர்ஹோலுக்கே அந்தக் கதி என்றால், கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அமுக்குகிறவர் எம்மாத்திரம்?

விற்பனைக்குப் போடும்போது படத்தைக் காட்டாமல் விற்க முடியாது. காட்டுவதும் ஒரு பிரதிதானே என்று ஒரு சட்டத்தரணி நண்பர் வம்பிழுத்தார். பிரித்தானியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, விற்பனையை விளம்பரப்படுத்துவதற்காகக் கலைப்படைப்பைப் பிரதி செய்ய வெளிப்படையாகவே இடம் தருகிறது. நம் சட்டத்தில் 11-ஆம் பிரிவின் நியாயமான பயன்பாடு இருக்கிறது. நோக்கம் என்ன, எவ்வளவு எடுத்தாய், சந்தையைக் கெடுத்தாயா என்றெல்லாம் அது கேட்கும். அதனால் நான் படத்தைச் சிறிதாக, மேசையில் வைத்துச் சற்றுச் சரிவாக, குறுக்கே ஒரு வெள்ளை நூலைப் போட்டு எடுக்கிறேன். பின்பக்கத்தை மட்டும் பெரிதாக, தெளிவாகக் காட்டுகிறேன். வாங்குகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பின்பக்கம் பொய்யையும் காட்டிக்கொடுக்கும். நாணயத்தாள் பார்க்கிற சிறிய ஊதா விளக்கை இருட்டில் படத்தின்மேல் அடியுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் வெண்மையூட்டி இருக்கிறது; ஒளிப்படத் தாளில் அது 1950-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1940 என்று சொல்லித் தந்த படம் ஒளிர்ந்தால் மிச்சத்தைக் கேட்கவேண்டாம். தொட்டால் பிளாஸ்டிக் போல வழுக்கும் தாள் இன்னும் பிந்தியது. அப்படிப்பட்டதை அசல் என்று விற்பது பதிப்புரிமைப் பிரச்சினையே அல்ல, சாதாரண மோசடி.

ஆனால் எனக்கு உண்மையில் கோபம் வருவது விற்கிறவர்கள் மீதல்ல. பழைய மட்டக்களப்பைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, கண்ட படத்தையெல்லாம் எடுத்து, அதன் நெற்றியில் தங்கள் முகநூல் பக்கத்தின் பெயரைப் பெரிதாக அடித்து வெளியிடுகிறார்களே, அவர்கள் மீது. அடியில் ஸ்டூடியோவின் பெயர் பொறித்த படத்தில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டதைக் கண்டிருக்கிறேன். ஆக்கியோன் பெயரைச் சொல்லவேண்டும், படைப்பைச் சிதைக்கக்கூடாது என்பது நம் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. அதில் காசுப் பேச்சே கிடையாது. கேட்டால், "நாங்கள் சேவைதானே செய்கிறோம் அண்ணன்" என்கிறார்கள்.

நான் விற்கும் ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுகிறேன்: இது அசல் அச்சு, விற்பது தாளை மட்டும், பதிப்புரிமை இதில் சேராது. பெரும்பாலானோர் அதை வாசிப்பதில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் வாசித்தார். ஒரு நாடக நடிகரின் படத்தை என்னிடம் வாங்கியவர், பிறகு அதைத் தன் புத்தகத்தின் அட்டையில் போடலாமா என்று எழுதிக் கேட்டார். முத்திரை அழியாமல் இருந்தது. ஸ்டூடியோக்காரர் இல்லை, மகள் இருக்கிறார். புளியந்தீவில் விசாரித்தால் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் போதும். அவரோடு தொலைபேசியில் பேச வைத்தேன். "அப்பாவுடைய படத்துக்கு நான் காசு கேட்கலாமா மகன்?" என்று மாமி என்னிடம் இரண்டு முறை கேட்டார். கேட்கலாம் என்றேன். அவர் கேட்ட தொகை, அந்த அச்சுக்கு நான் வாங்கியதைவிட மூன்று மடங்கு. ரொறன்ரோக்காரர் பேரம் பேசாமல் அனுப்பிவிட்டார்.